கதிரையும் அதன் இனசனமும்

வ்ரெத் என்றால் கோபம். அது எனக்கு வடிவாய்த் தெரியும், லிஸ்பெத் ரீச்சர் புருவத்தை நெரித்து இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக் காட்டித் தந்த டெனிஷ் சொல், மறக்க ஏலாது. உடுப்புத் தோய்க்கிற நிலவறைச் சுவரில், மெசினுக்கு நேர் மேலே, நாலு மூலையும் ரேப் ஒட்டின தாளில், நீலப் பேனை எழுத்துக்குள் அந்த வ்ரெத் நிற்கிறது. அதற்கு மேல் வரியில் மோபெல் நிற்கிறது. மோபெல் என்றால் தளபாடம். மற்றதெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி. ஆனால் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க மற்றது எனக்கு என்னத்துக்கு? யாருக்கோ ஒரு தளபாடத்தின் பேரில் கோபம். எந்தத் தளபாடம் என்று கேட்கவும் வேண்டாம், அது மூன்றாம் மாடியில் எங்கட ஜன்னலோரம் காலை நீட்டாத குறையாக இருந்து வெயில் குளிக்கிறது. வதனா, எழும்பி ஓடு என்று எனக்கு நானே சொல்லுகிறேன். எங்கே ஓடுறது, மெசினுக்குள் பிள்ளையின் துணியெல்லாம் கிடக்கு, இவருடைய மீன் பக்டரி வெள்ளைக் கோட்டு இரண்டும் கிடக்கு, தண்ணி நிரம்பி விட்டது, மெசினின் முள்ளு ஒரு முழுச்சுற்றுச் சுற்றி வந்தால்தான் கதவு திறக்கும். அதற்கு ஒரு மணித்தியாலம். பத்து மணிக்கு யாருடைய முறை என்று பலகையைப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னப் பூட்டு, முறை எடுக்கிற நேரத்தில் கொண்டுபோய்ப் பூட்டி விடுவது. பத்தில் தொங்குவது ஒன்றாம் இலக்கப் பூட்டு. தாளின் அடியில் பேர், இங்கர். பேருக்குப் பக்கத்தில் இலக்கம், ஒன்று. முருகா. எழுதின ஆளே வரப்போகிறா. ஆரணி இதொன்றும் அறியாமல் சுவரோரத்து வாங்கைப் பிடித்து எழும்பி நின்று, மெசினுக்குள் சுழலுகிற தன் சிவப்புச் சட்டையைக் கண்டு "தா" என்கிறாள். பத்து மாதப் பிள்ளைக்குத் தன்ர சாமான் எது என்று தெரியுது. அவளுடைய தகப்பனுக்கும் தாய்க்கும்தான் தெரியேல்லை.

தூக்கி வந்தது இவர்தான், ஆனால் காட்டினது நான். அதை நினைக்க நினைக்கக் காது சுடுகிறது. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை இங்கே பெரிய குப்பை எடுக்கிற நாள், சனம் மெத்தை, விளக்கு, உடையாத மேசை எல்லாம் முற்றத்து மூலையில் கொண்டுவந்து குவிக்கும், அதில் நல்லதாய்ப் பார்த்து எடுத்தால் களவில்லை, எல்லாரும் எடுக்கிறார்கள், எங்கட மேசையும் ஆரணியின் தொட்டிலும் அப்படி வந்ததுதான். முதலாம் மாடி நேசமலர் அக்கா வீட்டில் ஒரு பியானோவே இருக்கு, அதற்கு மேல் அரிசி வாளி வைத்திருக்கிறா. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் இந்த வருசத்தின் முதல் வெயில். நான் ஜன்னலால் எட்டிப் பார்க்கிறேன், குவியலுக்குக் கொஞ்சம் தள்ளி, செரி மரத்துக்குக் கீழ் ஒரு கதிரை தனியாய் நிற்குது. வளைந்த முதுகு, மெல்லிசுக் கால், பார்க்கவே ஒரு பவ்வியம். "இஞ்சாருங்கோ, அங்கை பாருங்கோ, ஆரோ வடிவான கதிரையொண்டை எறிஞ்சு போட்டினம்." இவர் சாரத்தோடேயே படியிறங்கி ஓடினவர். இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை, கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "ஆரும் வாறதுக்குள்ள தூக்கிப்போட்டன், நல்ல காலம்" என்று சிரித்தபடி வந்து நின்றார். நல்ல காலமோ கெட்ட காலமோ, தொட்டால் பிசுபிசுத்தது. ஊத்தை என்று நினைத்துச் சவர்க்காரம் போட்டு உரஞ்சினேன். இப்போது அந்தத் தாளை மூன்றாம் தரம் வாசிக்கிறபோதுதான் ஓலியெ, ஓலியெ என்று ஒரு சொல் விளங்குகிறது. எண்ணெய். அது ஊத்தையில்லை, எண்ணெய். எண்ணெய் பூசிக் காய வைத்திருந்திருக்கிறா மனிசி. முதல் வெயிலுக்கு இந்தச் சனம் கதிரையை வெளியே கொண்டுவந்து எண்ணெய் பூசும் என்று எனக்கு ஆர் சொன்னது? நாங்கள் வெயிலில் காய வைக்கிறது மிளகாய், ஒடியல், புழுங்கின நெல். கதிரையை ஆர் காய வைத்தது?

வாசி வதனா, நல்லாய் வாசி, முள்ளு இன்னும் கால்வாசிதான் நகர்ந்திருக்கு. ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒரு பழக்கம், வரியை ஒரேயடியாய் வாசிக்க வராது, சொல்லுச் சொல்லாய்ப் பொறுக்கி வைத்துப் பிறகு கட்ட வேண்டும். நாலு. நாலு கதிரை. முதலாவதை வெளியே வைத்துவிட்டு இரண்டாவதை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தேன். இல்லை. அட கடவுளே, அந்த இரண்டு நிமிசம். மனிசி இரண்டாவது கதிரையைக் கையில் பிடித்தபடி வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வரக்கூடாத இடத்தில் வருகிற சிரிப்பு, செத்த வீட்டில் வருமே அது. கையால் வாயைப் பொத்தினேன். ஆரணி பார்த்துவிட்டுத் தானும் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். சிரிக்காதை பிள்ளை, உன்ரை அம்மா கள்ளி. கள்ளி என்றால் பொலிஸ் வருமோ? வந்தால் பேரெழுதுவார்கள், பேரெழுதினால் வீசா புதுப்பிக்கிற கந்தோரில் அந்தப் பேரைப் பார்ப்பார்கள், ஒரு கதிரையால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு விமானத்தில் ஏற வேண்டி வருமோ. கதிரைக்கு விமானத்தில் இடம் இருக்காது. பைத்தியம், என்ன நினைக்கிறேன். திரும்ப அந்த வ்ரெத்தைப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் ஒரு குட்டிச் சொல், முதல் தரம் பார்த்தபோது கண்ணில் படாத சொல். இக்கெ. இக்கெ என்றால் இல்லை. இக்கெ வ்ரெத். கோபமில்லை. கோபமில்லை என்று எழுதியிருக்கிறா! எனக்கு ஓடிப்போய் அந்தத் தாளைக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. ஆனால் கோபமில்லை என்று ஆர் எழுதுகிறது? கோபம் வந்த ஆள்தானே.

மோபெல். இந்தச் சொல்லை நான் எங்கேயும் கண்டுபிடிப்பேன், ஒரு நாள் முழுக்க வகுப்பில் இதைத்தானே உருட்டினோம். சொல்லவே தனிப் பயிற்சி. ஓ சொல்லப் போகிற மாதிரி வாயைக் குவிக்க வேண்டும், குவித்த வாயைக் கலைக்காமல் ஏ சொல்ல வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் வரும், அதுதான். வீட்டில் நான் சொல்லிப் பார்க்கிறபோது ஆரணி தன்னைக் கொஞ்ச வருகிறேன் என்று கன்னத்தை நீட்டுவாள். லிஸ்பெத் ரீச்சர் கரும்பலகை நடுவில் மோபெல் என்று எழுதிச் சுற்றி வட்டம் போட்டு, "இந்தச் சொல்லுக்கு இனசனம் எங்கே எங்கே இருக்கு, தேடுவோம்" என்றா. சொல்லுக்கும் இனசனமோ என்று நான் மற்றவர்களைப் பார்த்தேன். டென்மார்க்காரருக்கு இது ஜெர்மனியால் வந்ததாம், ஜெர்மனிக்குப் பிரான்சிலிருந்து, அங்கே மெபிள் என்கிறதாம், பிரான்சுக்கு அந்தக் காலத்து லத்தீனிலிருந்து, மொபிலிஸ். அசையக்கூடியது என்று கருத்து. முந்தின காலத்தில் சட்டக்காரர் சொத்தை இரண்டாய்ப் பிரித்தார்களாம், அசையாதது காணி, வீடு. அசையிறது தட்டுமுட்டுச் சாமான். இது எனக்கு உடனே விளங்கிவிட்டது, வகுப்பில் முதன்முதலாய் மற்ற எல்லாருக்கும் முன்னம் எனக்கு விளங்கினது இதுதான். என்ர சீதன உறுதியில் அசையும் ஆதனம், அசையா ஆதனம் என்று நொத்தாரிசு வாசித்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டு, எதில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதைக் கையைத் தூக்கிச் சொல்லியிருக்கலாம். கை மடியிலிருந்து வரவில்லை. அதற்குள் ஈரான்காரர் பர்வீஸ், "எங்கட வீட்டில சோபாவை மொப்ல் எண்டுதான் சொல்லுறது!" என்று கத்தினார். துருக்கிக்காரி எமினே மேசையில் அடித்து, "மொபில்யா! மொபில்யா!" என்றாள். ரீச்சர் தன் பையிலிருந்து மொபைல் ரெலிபோனை எடுத்து ஆட்டிக் காட்டி, இதுவும் அந்த வீட்டுப் பிள்ளைதான் என்றா, எல்லாரும் சிரித்தார்கள். கலியாண வீடு மாதிரி. இவர் என்ர சித்தப்பா, அவ என்ர மாமி என்று ஆளாளுக்குக் கட்டிப்பிடிக்கிறார்கள், நான் மட்டும் அழைப்பில்லாமல் வந்த ஆள் மாதிரிக் கதவோரத்தில்.

பிறகு ரீச்சர் என்னைப் பார்த்தா. பார்க்க வேண்டாம் என்று எவ்வளவு நேர்ந்திருப்பேன். "உங்கட மொழியில்?" தளபாடம் என்றேன், எனக்கே கேட்கவில்லை. "கொஞ்சம் சத்தமாய்?" தளபாடம். பலகையில் எழுதி அப்படி இப்படிப் பார்த்தா. இனமில்லை. "சரி, ஸ்தோலுக்கு என்ன?" ஸ்தோல் என்றால் கதிரை. கதிரை என்றேன். ரீச்சருடைய முகம் மாறிவிட்டது. "இன்னொரு தரம் சொல்லுங்கோ." கதிரை. "நீங்கள் இருக்கிற இந்த நீட்டு இருக்கைக்கு?" வாங்கு. அவ ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனா, நான் இரண்டு இரவு யோசித்தேன், ஏதேனும் கூடாத சொல்லைச் சொல்லிவிட்டேனோ. அடுத்த கிழமை தடித்த புத்தகமொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தா. பறங்கியர் கப்பலில் வந்து எங்கட ஊரை ஆண்டபோது கொண்டுவந்து இறக்கின சொற்களாம் கதிரையும் வாங்கும். பறங்கியர் ஆண்டதை நானும் ஐந்தாம் வகுப்பில் படித்தேன், ஆனால் அவர்கள் கதிரையை விட்டுவிட்டுப் போனார்கள் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. கதிரைக்கு மூத்த தாய் லத்தீனில் கதேத்ரா, அவளுக்கு டென்மார்க்கிலும் ஒரு பேத்தி, கதேதர். கதேதர் என்றால் என்ன தெரியுமோ? ரீச்சருடைய பெரிய மேசை! நான் நிமிர்ந்து பார்க்கவே பயப்படுகிற அந்த மேசை, எனக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை. வாங்கு இன்னும் கிட்ட. இங்கே அதற்குப் பேர் பெங்க், அந்தச் சொல் பிறந்ததே இந்தப் பக்கத்துச் சனத்தின் வாயில்தானாம், இங்கிருந்து தெற்கே போய், பறங்கியரோடு கப்பலேறி, எங்கட பள்ளிக்கூடத்தில் போய் இறங்கியிருக்கு. "இது இங்கேயிருந்து போன சொல். நீங்கள் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறீர்கள்" என்று ரீச்சர் சொன்னபோது பர்வீஸ் கைதட்டினார். அன்று பஸ்ஸில் வருகிறபோது நான் தனியே சிரித்துக்கொண்டு வந்தேன், பக்கத்து மனிசன் எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தது. இப்போது நான் குந்தியிருக்கிறது ஒரு வாங்கில். பெங்க். தடவிப் பார்க்கிறேன், மரத்துக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சொந்தம் கொண்டாடுகிறது சுகம். ஆனால் சொந்தம் என்று சொல்லி அடுத்தவரின் கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு வர ஏலுமோ?

தூக்கி வந்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பொட்டு வைத்தேனே. வீட்டுக்கு ஒரு புதுச் சாமான் வந்தால் திருநீறு பூசிக் குங்குமம் வைக்காமல் எனக்குக் கையெழாது, மேசைக்கும் வைத்தேன், தொட்டிலுக்கும் வைத்தேன், அதுகள் வார்னிஷ் போட்டது, துடைக்கப் போயிற்று. கதிரையின் முதுகில், நட்ட நடுவில், நல்ல பெரிதாய் வைத்தேன். எண்ணெய் குடித்த பச்சை மரம் குங்குமத்தையும் குடித்துவிட்டது. பிள்ளை தொட்டு வாயில் வைக்கிறாள் என்று போன கிழமையே சவர்க்காரம், உப்பு, தேசிக்காய், ஆரணியின் பல்லுத் தூரிகை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, பொட்டு இன்னும் வடிவாய்ச் சிவக்குது. நான் சுவரைப் பார்த்தபடி இருக்கக் கதவு தள்ளுப்பட்டது, இங்கர்தான் என்று எழும்பினேன், ஆனால் வந்தது நேசமலர் அக்கா, கையில் காலிக் கூடை. "என்னடி பிள்ளை, சுவரைப் பாத்துத் தேவாரம் பாடுறியோ?" "அக்கா, இதை வாசிச்சனீங்களோ?" "எனக்கு உந்தப் பூச்சி எழுத்து ஏலாது. நீதானே பள்ளிக்கூடம் போறாய், வாசி." வாசித்தேன். அக்கா கூடையைக் கீழே வைத்தா. "உது உந்தப் போஸ்ற் குடுக்கிற மனிசியெல்லோ, சிவப்பு ஜக்கெற் போட்டு சைக்கிளில திரியிறவ. அவவின்ர கதிரையையே தூக்கினனீங்கள்? கெட்டிக்காரர்." "எறிஞ்சதெண்டு நினைச்சமக்கா." "சரி விடு. பேசாமல் கொண்டுபோய் மரத்துக்குக் கீழ வைச்சிட்டு வா. நடந்து போன கதிரை நடந்து வந்திட்டுது எண்டு நினைப்பா." "பொட்டு இருக்கக்கா." "ஆருக்குப் பொட்டு?" "கதிரைக்கு." அக்கா ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு மெசினைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் ஆரணி பயந்து குந்திவிட்டாள். "பொட்டு வைச்சனி, தாலி கட்டேல்லையோ?" என்று கண்ணைத் துடைத்தா. துடைத்துக்கொண்டிருக்கவே சிரிப்பு நின்றது. "எடியேய், இந்தக் கட்டிடத்தில பொட்டு வைக்கிற வீடு ரெண்டுதான். உன்னை ஆருக்குத் தெரியும், நீ வாயே திறக்கிறேல்லை. எல்லாரும் என்னைத்தான் நினைப்பினம். ஒளிச்சு வைச்சாயெண்டால் நான் கள்ளி. நீயே வாயைத் திறந்து சொல்லிப்போடு பிள்ளை. நான் வீட்டில இல்லை." கூடையையும் மறந்துவிட்டுப் படியேறிப் போய்விட்டா.

நீயே வாயைத் திறந்து சொல்லிப்போடு. என்ன சுலபம். ஐந்து வயதில் கோயிலில் ஒரு வரி பாட மேடையேற்றினபோது நான் அப்படியே மூத்திரம் பெய்த ஆள். கலியாணப் பேச்சுக்கு வந்தவர்கள் பேரென்ன என்று கேட்க அம்மா சொன்னா, என்ன சமைப்பாய் என்று கேட்க அம்மா சொன்னா, இங்கே டொக்டரிடம் எங்கே நோகுது என்று கேட்க இவர் சொல்லுகிறார். எனக்கு எங்கே நோகுது என்று இவருக்கு எப்படித் தெரியும், ஆனாலும் சொல்லுவார், அதற்கு மருந்தும் தருவார்கள், குடித்தால் மாறியும் போகும். இப்போது இவர் மீனின் தலையை வெட்டிக்கொண்டு பத்து மைல் தள்ளி நிற்கிறார். பின்னேரம் வரட்டும், இவரை அனுப்பலாம். ஆனால் இவர் போய் என்ன சொல்லுவார்? எங்களுக்குத் தெரியாது, ஆரோ எங்கட வாசலில் வைத்தது என்று ஒரு கதை விடுவார், எனக்காகத்தான், என்னைக் காப்பாற்றத்தான். பிறகு அந்த மனிசி ஒவ்வொரு நாளும் கடிதம் போட வரும்போது அந்தக் கதையும் பெட்டிக்குள் விழும். வேண்டாம். நானே. சொல்லைக் கட்டு வதனா. நான் என்றால் யாய். எடுத்தேன் என்றால்? லிஸ்பெத் ரீச்சர் தந்தது எடு, எடுக்கிறேன், எடுத்தேன், மூன்றும் வரிசையாய்ச் சுவரில் ஒட்டியிருந்தது, இப்போது சுவர் மட்டும்தான் ஞாபகம் வருகுது. முள்ளு முக்கால் தாண்டிவிட்டது. ஒரு விசயம் மட்டும் நிச்சயம், என்ர கணவர் எடுத்தார் என்று சொல்ல மாட்டேன். காட்டினது நான், பொட்டு வைத்தது நான், பதினொரு நாளாய் அதில் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தது நான். அதில் இருக்க முதுகு எவ்வளவு சுகம். ஐயோ, அதை வேறு நினைக்காதே.

பத்தாகப் பத்து நிமிசம் இருக்கவே வந்துவிட்டா. ஐம்பது வயதிருக்கும், இன்றைக்குச் சிவப்பு ஜக்கெற் இல்லை, சாதாரணச் சட்டை, இடுப்பில் கூடை. காலை வணக்கம் சொன்னா. நானும் சொன்னேன், அது வாய் தானாய்ச் சொல்லுகிறது. பிறகு நான் எழும்பி நின்று தாளைக் காட்டினேன். என்னைக் காட்டினேன். திரும்பத் தாளைக் காட்டினேன். கட்டி வைத்த சொல்லெல்லாம் கலைந்து ஓட, நின்றது ஒன்றே ஒன்று. "மோபெல்" என்றேன். அவவுக்கு முகம் மலர்ந்துவிட்டது, பாவம், எனக்கு வாசிக்கத் தெரியாது, வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டா. கூடையை வைத்துவிட்டு ஒவ்வொரு சொல்லாய் விரலால் தொட்டு வாசிக்கிறா, ஸ்தோல் வந்தவுடன் முழங்காலை மடித்து இல்லாத கதிரையில் இருந்தும் காட்டுகிறா, எண்ணெய் வந்தவுடன் காற்றில் தூரிகையால் பூசுகிறா, வ்ரெத் வந்தவுடன் புருவத்தை நெரித்து, பிறகு பெரிதாய்த் தலையாட்டி, "இக்கெ! இக்கெ!" என்கிறா. ஆரணிக்குக் கூத்துப் பார்க்கிற சந்தோசம், கைகொட்டுகிறாள். வாசித்து முடித்து, "நீங்கள் கண்டீர்களா?" என்று கேட்டா. இப்போது. இதுதான் நேரம். வாயைத் திறந்தேன், திறந்த அதே நொடி மெசின் பிழியத் தொடங்கிவிட்டது. உடுப்புப் பிழிகிற கடைசிச் சுற்று, நிலவறையே நடுங்குகிற இரைச்சல். வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த எடுத்தேன் இப்போது டெனிஷில் வாயில் வந்தது, சொன்னேன், சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவ காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கிட்ட வந்தா. திரும்பச் சொன்னேன். தலையாட்டினா, கேட்கவில்லை. கடவுளே, ஆயுளில் ஒரு தரம் சொல்ல வருகுது, அதையும் கேட்காமல் செய்கிறாயே. விட்டுவிடலாம், சிரித்துவிட்டுப் போகலாம், கேட்கவில்லைதானே. ஆனால் அவ இன்னும் குனிந்து காதைக் காட்டிக்கொண்டு நிற்கிறா. எனக்கு எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது, மெசின் மேல்தான், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினேன், "நான் எடுத்தேன்! உங்கட கதிரை! என்ர வீட்டில்! நான்!" முதல் பாதிக்கு மெசின் இரைந்தது. மறுபாதிக்கு மெசின் நின்றுவிட்டது. அந்த "நான்" வெறும் நிலவறையில் சுவருக்குச் சுவர் அடிபட்டுப் படிக்கட்டு வழியே மேலே போனது எனக்கு வடிவாய்க் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். இங்கர் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா. ஆரணிகூட வாயைத் திறந்து என்னைத்தான் பார்க்கிறாள், தாய்க்கு இப்படியொரு குரலா என்று. மெசினுக்குள் கடைசித் தண்ணி சொட்டுச் சொட்டாய் இறங்குகிறது. "எறிந்தது என்று நினைத்தேன்" என்றேன், இப்போது சொற்கள் தானாய் வந்தன, காலொடிந்தும் கையொடிந்தும் வந்தன, ஆனால் வந்தன. "பெரிய குப்பை நாள். நான் ஜன்னலில். எண்ணெய் தெரியாது. சவர்க்காரம் போட்டேன். மன்னிக்க வேண்டும்." இங்கர் கேட்ட கேள்வி நான் எதிர்பார்த்த எந்தக் கேள்வியும் இல்லை. "இருந்து பார்த்தீர்களா? ஆடுகிறதா?" நான் யோசித்தேன், பொய் சொல்லுகிற நிலைமையில் நான் இல்லை. "ஆடுகிறது. பின்னால், இடக்கால். நான் கடதாசி மடித்து வைத்தேன்." "ஆ!" என்று இங்கர் தொடையில் அடித்தா. "அப்போ அதுதான்!" நாலு கதிரையில் ஒன்று ஆடும், நாலும் ஒரே மாதிரி, எது என்று தெரியாமல் வருகிற விருந்தாளியையெல்லாம் அதிலேயே இருத்தி, போன நத்தார்ப் பண்டிகைக்குத் தமையன் கோப்பியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டாராம். அவ அதைச் சொல்லுகிற வேகத்தில் பாதிதான் எனக்கு விளங்கியது, மீதியைக் கோப்பி ஊற்றுப்பட்ட மாதிரி நடித்துக் காட்டியதால் விளங்கியது. ஆரணி கையை நீட்ட அவளைத் தூக்கிக்கொண்டு முன்னால் படியேறினா, நான் பின்னால், எனக்கு இப்போது புதுப்பயம், பொட்டு, பொட்டு, பொட்டு, ஒவ்வொரு படியும் பொட்டு. வாசலைத் திறந்தேன். ஜன்னலோரம் கதிரை, முதுகு எங்களைப் பார்த்தபடி, நெற்றியில் பொட்டோடு, பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் இருத்தி வைத்த மாதிரி. இங்கர் குனிந்து பெருவிரலால் தேய்த்தா. விரலைப் பார்த்தா. திரும்பத் தேய்த்தா. "இது என்ன?" குங்குமத்துக்கு டெனிஷில் என்ன, எனக்குத் தெரியாது, லிஸ்பெத் ரீச்சருக்கும் தெரியாது. "வீட்டுக்கு வந்த மோபெலுக்கு" என்றேன், கொஞ்சம் யோசித்து, "நல்வரவு." இங்கர் கதிரையைச் சுற்றி ஒரு தரம் நடந்தா. ஒரு கையால் அழுத்திப் பார்த்தா, ஆடியது. "நல்லதாய்ப் போயிற்று" என்றா. "இனி எது ஆடுகிறது என்று தேடத் தேவையில்லை. சிவப்புப் பொட்டு இருக்கிறதில் ஒருவரையும் இருத்தமாட்டேன்." பிறகு, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கோப்பி குடிக்க வர வேண்டும் என்றா. எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் அழைப்பு, ஆடாத கதிரை தருவதாகவும் சொன்னா. பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, இவர் தூக்கி வந்த அதே மாதிரி, கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கத் தொடங்கினா. கதிரை போகிறது. ஜன்னலோரம் நாலு காலின் அடையாளம் நிலத்தில் மினுங்குது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் இறங்கினேன்.

முதலாம் மாடியில் நேசமலர் அக்கா கதவை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தா. தலையில் கதிரையோடு ஒரு டென்மார்க்காரி இறங்க, பின்னால் பிள்ளையோடு நான் இறங்க, அக்காவின் ஒரு கண் அதைப் பார்த்தது. "என்னடி பிள்ளை, பொலிசுக்கே கொண்டு போறா?" என்று கிசுகிசுத்தா. "இல்லை அக்கா, ஞாயிற்றுக்கிழமை கோப்பிக்கு வரட்டாம்!" என்றேன். என்ர குரல் இன்னும் நிலவறை அளவிலேயே இருந்தது, குறைக்க எனக்கு மனம் வரவில்லை. அக்கா கதவை முழுக்கத் திறந்தா. "ஏனடி கத்துறாய், நான் செவிடே?" "அக்கா, இங்கரின்ர முறை தொடங்கிப்போட்டுது, என்ர உடுப்பெல்லாம் மெசினுக்குள்ள கிடக்கு. கீழ போய் எடுத்துக் கொடியில போட்டுவிடுங்கோ. உங்கட கூடையும் அங்கதான் கிடக்கு." ஆறு வருசம் என்னை வேலை ஏவின அக்கா செருப்பைத் தேடத் தொடங்கினா. கீழே வாசலில் இங்கர் கதிரையோடு வளைவில் மாட்டுப்பட்டு நிற்க, நான் மேலிருந்து சொன்னேன், "கொஞ்சம் சரியுங்கோ, இடப்பக்கம், இடப்பக்கம்!" தமிழில்தான் சொன்னேன். அவ சரித்தா.